சூளையில் நிற்காத கல் சன்னல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிவதனி மீன் கழுவிக்கொண்டிருந்தபோது மால்டாவிலிருந்து பிரபா கூப்பிட்டாள். மதிவதனி கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"மதி, உனக்கு ஒரு வேல புடிச்சி வச்சிருக்கிறேன். முடியாதுன்னு மட்டும் சொல்லிடாத."

பிரபாவுக்கு ஊர் கருவேப்பிலங்குறிச்சி. பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. பிரபா நர்ஸிங் முடித்துக் கடல் தாண்டிப் போனாள். மதிவதனி விருத்தாசலத்திலேயே செராமிக் படித்து, தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, கொலு பொம்மையும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்து விற்கிறாள். அந்தக் குடில் பொம்மைகளில் ஒரு செட்டைப் பிரபா போன வருஷம் கொண்டுபோய்த் தன் ஹவுஸ் ஓனர் கார்மெலாவுக்குக் கொடுத்திருந்தாள். அந்த அம்மாளுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. ஊர் பார்க்க வருகிறவர்கள் நினைவாக வாங்கிப் போகும் சாமான்கள் விற்கிற கடை.

"ஆண்ட்டி அந்த மாட்டுப் பொம்மைய கையிலேருந்து கீழயே வைக்கலடி. அவங்க நாட்டுல இருக்கிற கோட்டை, சர்ச்சி, கோபுரம் எல்லாத்தையும் இதே மாதிரி உள்ளங்கை அளவுக்குச் செஞ்சி தர முடியுமான்னு கேக்கறாங்க. இப்ப கடையில இருக்கிறது பூரா பிளாஸ்டிக்கு. அவங்களுக்கே அதப் புடிக்கல."

"நான் பாக்காத ஊர நான் எப்பிடிடி செய்யறது?"

"போட்டோ அனுப்பறேன். சின்ன நாடுதாண்டி. நம்ம ஊர்லேருந்து சேத்தியாத்தோப்பு போற தூரம் போனா நாடே முடிஞ்சிடும்."

அன்று சாயங்காலமே படங்கள் வந்துவிட்டன. கார்மெலாவின் சமையலறையில் தொங்கிய ஒரு பழைய காலண்டரைப் பிரபா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள்.

மறுநாள் பட்டறையில் அந்தப் படங்களை முதலில் பார்த்தவள் வீராயி. இதே மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவள் வேலை. ஒரு கையில் டீ கிளாஸும் மறு கையில் போனுமாக ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். கடலைப் பார்த்த ஒரு கல் காவல் கூண்டு வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது. அந்தக் கூண்டின் சுவரில் பெரிதாக ஒரு கண்ணும், இன்னொரு பக்கம் ஒரு காதும் செதுக்கியிருந்தது.

"இந்தா பாரு மதி, செவுத்துக்குக் கண்ணு வச்சிருக்கிறானுவ! காது வேற. எவனோ நம்மள மாதிரி ஆளுதான் இத செஞ்சிருக்கணும்."

"எதிரிக் கப்பல் வருதான்னு பாக்கறதுக்குக் கட்டுனதாங்க்கா. பாத்துக்கிட்டும் கேட்டுக்கிட்டும் இருக்கிறோம்னு அர்த்தம்."

"பாக்கட்டும், பாக்கட்டும். நல்லா முழிச்சிப் பாக்கற மாதிரி நான் எழுதித் தரேன்."

வேலை மளமளவென்று நடந்தது. மதிவதனி களிமண்ணில் மாதிரி செய்து, பிளாஸ்டர் அச்செடுத்து, மண்கூழை ஊற்றி வார்த்தாள். பெரிய வட்டக் கூரை போட்ட சர்ச், சிங்கங்கள் காவல் இருக்கும் கோட்டை வாசல், முகப்பில் கண் வரைந்த மீன்பிடிப் படகு என்று பலகையில் வரிசை கட்டி நின்றன. வீராயி மட்டும் முதல் தடவை தன் இஷ்டத்துக்கு வாசலுக்கு நீலமும் கூரைக்குச் சிவப்பும் பூசிவிட்டாள். படம் பார்த்த பிரபா போனிலேயே சிரித்தாள்.

"ஐயோ, வீராயக்கா! இங்க கட்டடமெல்லாம் ஒரே கலருதான். அச்சு வெல்லம் இருக்குதுல்ல, அந்தக் கலரு."

"என்னாத்த பாக்க வராங்க அப்ப?" என்று வீராயி முணுமுணுத்தாலும், வெல்லத்தின் நிறத்தை அவளைப் போல யாராலும் குழைத்திருக்க முடியாது. மஞ்சளில் துளிக் காவி, துளி வெள்ளை. கண்ணும் காதும் வைத்த காவல் கூண்டுக்கு அதைப் பூசியதும் வெயில் பட்ட கல்லாகவே அது மாறிவிட்டது. கண்ணுக்கு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் மெல்லிசாக ஒரு மை தீட்டினாள். மதிவதனி பார்த்தும் பார்க்காதவள் போல விட்டுவிட்டாள்.

சிக்கல் காலண்டரின் கடைசிப் படத்தில் வந்தது. கடலுக்குள் நீண்ட ஒரு பாறை. அதன் நுனியில் ஒற்றைத் தூண். தூணுக்கும் கரைக்கும் நடுவே மேலே ஒரு கல் பாலம். இடையில் சதுரமாகத் திறந்த வெளி வழியே நீலக் கடல் தெரிந்தது. கல்லில் கடல் போட்டுக்கொண்ட சன்னல் மாதிரி இருந்தது. மதிவதனிக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான்.

அவளுக்குப் பிடித்த அதுதான் சூளையில் நிற்கவில்லை. முதல் தடவை திறந்தபோது பாலம் நடுவில் தொங்கி, அடியில் போய் ஒட்டிக்கிடந்தது. மண்ணைக் கொஞ்சம் தடிமனாக்கிப் பார்த்தாள். தூண் வளைந்து சாய்ந்தது. பாலத்துக்கு அடியில் செங்கல் துண்டை முட்டுக் கொடுத்து வைத்தாள். அந்தத் தடவை பாலம் தொங்கவில்லை. நட்டநடுவில் வாய் பிளந்து நின்றது.

"வுடு மதி. மத்ததெல்லாம்தான் நல்லா வந்திருக்குதே. இந்தக் கல்லு நமக்கு ஒத்துவரல" என்றாள் வீராயி.

"எனக்கு இதுதாங்க்கா வேணும்."

அதற்குள் பிரபா அடுத்த செய்தியைச் சொன்னாள். தம்பி பாரியின் கல்யாணத்துக்கு அவள் லீவில் வருகிறாள். கார்மெலாவும் கூட வருகிறார். கல்யாணத்துக்கு மறுநாள் பட்டறையைப் பார்க்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

மதிவதனிக்குச் சோறு இறங்கவில்லை. காய்ந்துகொண்டிருந்த வார்ப்பைப் பார்த்தபடி ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். மண் சூளையில் சுருங்கும். செங்கல் ஏற்கெனவே வெந்தது, அது சுருங்காது. சுருங்குகிறதைச் சுருங்காதது தடுத்தால் பிளக்காமல் என்ன செய்யும்? படிக்கும்போது பரீட்சைக்கு எழுதின பதில்தான், அவசரத்தில் மறந்திருந்தாள். பாலம் வார்த்த அதே மண்ணில் முட்டும் வார்த்தாள். இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் சூளையில் உருகாத வெள்ளைப் பொடியைத் தூவினாள். பாலத்தோடு சேர்ந்து முட்டும் சுருங்கட்டும் என்று சூளைக்குள் வைத்தாள்.

கல்யாணத்தன்று காலை சூளையைத் திறந்தார்கள். முட்டுத் துண்டைத் தட்டியதும் அது தனியே கழன்று விழுந்தது. கல் சன்னல் அப்படியே நின்றது. அதன் வழியாக எதிர்ப்பக்கம் வீராயியின் முகம் தெரிந்தது.

"நிக்குதுடி!" என்று கத்தினாள் வீராயி. இருவரும் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தபோதும் நகத்தில் வெள்ளைப் பொடி போகவில்லை.

மறுநாள் காலை ஆட்டோவிலிருந்து கார்மெலா இறங்கினார். அறுபதைத் தாண்டிய குட்டையான அம்மாள். யாரோ வைத்துவிட்ட மல்லிகைப் பூ கட்டை முடியில் நிற்காமல் காதோரம் தொங்கியது. வெயிலுக்கு முகம் சிவந்திருந்தது. கொட்டகைக்குள் வந்தவர் ஃபேனுக்கு நேராக நின்று, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பலகையின் பக்கம் திரும்பினார்.

தன் நாடு முழுக்க அந்தப் பலகையில் நின்றதை அவர் பார்த்தார். மதிவதனியின் அனுமதியைக் கண்ணால் கேட்டுக்கொண்டு, வரிசையைக் கலைத்தார். கோட்டை வாசலை நடுவில் வைத்தார். காவல் கூண்டைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். படகைத் தெற்கே ஒதுக்கினார். ஊரில் எது எங்கே இருக்கிறதோ அப்படியே அடுக்குகிறார் என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது. அவர் பேசப் பேசப் பிரபா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இந்த வட்டக் கூரை சர்ச்சி இருக்குதே, யுத்தத்தப்ப இது மேல குண்டு போட்டாங்களாம். கூரைய ஓட்ட போட்டுக்கிட்டு உள்ள வந்து வுழுந்துச்சாம். உள்ள அத்தன சனம் ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்திருக்குது. குண்டு வெடிக்கவே இல்லியாம்."

வீராயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தெரிஞ்சிருந்தா கூரையில ஒரு ஓட்ட வச்சிருப்பேனே!"

அதைப் பிரபா சொன்னதும் கார்மெலா வாய்விட்டுச் சிரித்தார். காவல் கூண்டைக் கையில் எடுத்து, மை தீட்டிய கண்ணைப் பார்த்து, தன் கண்ணுக்கும் மை எழுதுவதுபோல விரலால் இழுத்துக் காட்டினார். நன்றாக இருக்கிறது, இப்படியே இருக்கட்டும் என்றார்.

பிறகு மதிவதனி, கடைசியாகக் காட்ட வேண்டும் என்று துணி போட்டு மூடி வைத்திருந்த கல் சன்னலை எடுத்து நீட்டினாள்.

கார்மெலா அதை வாங்கினார். சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பிரபாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். பிரபா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னாடி? தப்பா செஞ்சிட்டேனா?" என்றாள் மதிவதனி.

"தப்பு எம்மேலதாண்டி. அது பழைய காலண்டரு. தெரியாம அந்தப் படத்தையும் அனுப்பிட்டேன். இந்தப் பாறை இப்ப இல்ல. நான் அங்க போறதுக்கு முன்னாடியே ஒரு புயல்ல இடிஞ்சி கடலுக்குள்ள போயிடுச்சாம். தூணு, பாலம் எதுவும் மிச்சமில்லையாம்."

இல்லாமல்போன ஒன்றைக் கொண்டுவந்து அந்த அம்மாளின் கையில் கொடுத்து மனசை நோகடித்துவிட்டோமே என்று மதிவதனிக்கு இருந்தது.

வீராயிதான் பேசினாள். "அப்ப நம்ம மண்ணு மேல தப்பில்ல மதி. அது வுழுவற கல்லு. அங்கயும் வுழுந்திருக்குது, இங்கயும் வுழுந்துக்கிட்டே இருந்துச்சி."

"அக்கா, சும்மா இருங்க" என்று மதிவதனி தடுக்கும் முன் கார்மெலா, என்ன சொல்கிறாள் என்று பிரபாவைக் கேட்டார். பிரபா தயங்கித் தயங்கிச் சொன்னாள். சூளையில் அது தொங்கியது, சாய்ந்தது, பிளந்தது எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லிவிட்டாள்.

கார்மெலாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் மதிவதனி நினைத்தாள். அழுகையும் இருந்தது, அதைவிடச் சிரிப்பு அதிகமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதைப் பிரபா சொன்னாள்.

"சின்ன வயசுல அக்கா தங்கச்சியெல்லாம் படகுல இதுக்கு அடியில போவாங்களாம். அது இடிஞ்ச அன்னிக்கு ஊரே அழுதுச்சாம். ஜனங்க காரு எடுத்துக்கிட்டுப் போயி, எழவு வூட்டுல நிக்கற மாதிரி வெறுங்கடலப் பாத்துக்கிட்டு நின்னாங்களாம். அத நிக்க வைக்க நீங்க இவ்ளோ பாடுபட்டீங்களான்னு கேக்கறாங்க."

"ஆமான்னு சொல்லு" என்றாள் மதிவதனி. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கார்மெலா அதோடு விடவில்லை. தூண் இன்னும் பருமனாக இருக்கும், மேலே ஒரு பக்கம் சரிவாக இறங்கும் என்று கையால் காட்டிப் பார்த்தார். சரிவராமல், கைப்பையைப் பிரபாவிடம் கொடுத்துவிட்டு ஈர மண்ணைக் கேட்டு வாங்கினார். மதிவதனி பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொடுக்க, இருவரும் சேர்ந்து புது மாதிரி ஒன்று பிடித்துத் தூணைத் திருத்தினார்கள். கடைசியில் வந்த உருவம் முந்தையதைவிட முரடாகவும் அழகாகவும் இருந்தது. கடையில் இதுதான் முதல் வரிசையில் நிற்கும், ஊர்க்காரர்களே வாங்குவார்கள் என்றார் கார்மெலா. சூளையில் வெந்த அந்த முதல் சன்னலை மட்டும் விற்பதற்கில்லை என்று கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கையைக் கழுவிக்கொண்டு, இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார்.

மதிவதனியும் பிரபாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீராயி பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து புடவையை உதறினாள். "பழமலைநாதர் கோயிலு இருக்குது. அத வுட்டுட்டு வேற எத பாப்பாங்க? வாங்கம்மா."

வெயில் தாழ்ந்ததும் நால்வரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். கோபுர வாசலில் கார்மெலா செருப்பைக் கழற்றிவிட்டு, சூடான கல்லில் கால் மாற்றி மாற்றி வைத்து நடந்தார். தரைக்குக் கீழே குழிவாக இறங்கும் படிகளின் அடியில் ஆழத்துப் பிள்ளையார் இருந்தார். சாமி ஏன் இவ்வளவு கீழே இருக்கிறது என்று கார்மெலா கேட்டார். பிரபாவுக்குத் தெரியவில்லை, மதிவதனி யோசித்துப் பார்த்தாள், அவளுக்கும் தெரியவில்லை. வீராயிக்குத் தெரியாது என்ற பேச்சே கிடையாது. கார்மெலாவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டே, முழுக்க முழுக்கத் தமிழில் கதையை ஆரம்பித்தாள். மொழிபெயர்க்க வந்த பிரபாவை, "நீ இரு, நாங்க பேசிக்கறோம்" என்று கையமர்த்தினாள்.

ஒரு வார்த்தைகூடப் புரியாமல், ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு கார்மெலா இறங்கினார். மேலே நின்ற மதிவதனி தூணில் சாய்ந்துகொண்டாள். வெயில் குடித்த கல் முதுகுக்கு இதமாக இருந்தது.