யூலை மாதத்தில் பறவைகள் இல்லை

அனக்லேத்தோ லுமிபாவ் என்ற பிலிப்பைன்ஸ்காரருக்கு நாளுக்கு இரண்டு தடவை முழங்கால்வரை நனையும். அதற்கு மழை பெய்யவேண்டியதில்லை, அவர் தண்ணீர்ப் பக்கம் போகவும் வேண்டியதில்லை. கடல் ஏறும் நேரத்துக்குக் காற்சட்டை நனையும், வற்றும் நேரத்துக்குக் காயும். சில நாட்களில் சப்பாத்துக்குள் இறால் குஞ்சு கிடக்கும். 1961இல், தன் நாட்டு வனத் திணைக்களத்தில் அவர் வேலை பார்த்தபோது, ஒரு மந்திரியின் மைத்துனர் மீன் வளர்க்கும் குளம் வெட்டுவதற்காக உப்புச் சேற்றில் வளரும் கண்டல் காட்டில் நானூறு ஏக்கரைக் கேட்டார். அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட லுமிபாவ் மறுத்தார். அன்று பின்னேரம்தான் முதன்முதலாக நனைந்தார். காடு எப்படியும் போனது. பக்கத்துக் கதிரையில் இருந்தவர் அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டார். அதன் பிறகு பத்து வருடத்தில் அவரை ஏழு மாகாணங்களுக்கு மாற்றினார்கள். ஏழிலும் ஏதாவது ஒரு பத்திரம் வந்தது, ஏழிலும் மறுத்தார். 1971இல் மேலிடத்துக்கு அலுத்துப்போய், எங்கேயாவது தொலையட்டும் என்று புலமைப்பரிசில் ஒன்றைக் கொடுத்து மெல்பேணுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் பிலிப்பைன்ஸில் இராணுவச் சட்டம் வந்தது. இப்போதைக்குத் திரும்பி வராதே என்று தம்பி எழுதினான். இப்படித்தான் அவுஸ்திரேலியாவுக்கு ஒரு நேர்மையான உத்தியோகத்தர் கிடைத்தார். கேட்டு வாங்கியதல்ல.

1973இல் கரையோர நிலங்களைப் பார்க்கும் ஒரு திணைக்களம் அவரைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்தது. அந்தத் திணைக்களத்தின் வேலை, கடலோரச் சேற்று நிலங்களைப் போய்ப் பார்ப்பது, அங்கே ஒன்றும் இல்லை என்று எழுதுவது, பிறகு யாராவது கம்பனிக்காரர் மண் கொட்டி நிரப்ப வழி விடுவது. ஐந்தாம் மாடியில் முப்பத்தொரு பேர் இதற்குச் சம்பளம் வாங்கினார்கள். லுமிபாவ் நனைவதைக் கண்டு ஒருவரும் வியக்கவில்லை. உத்தியோகத்தர்கள் ஈரக் காற்சட்டையுடன் கம்பள விரிப்பில் நடக்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. பார்த்தோம் என்பதற்கு முப்பத்தொரு பேரும் கீழே இனிசியல் வைத்தார்கள், லுமிபாவும் வைத்தார். பிறகு அவருடைய மேசையைத் தேநீர் வண்டி நிற்கும் மூலைக்கு நகர்த்தி, கீழே பிளாஸ்ரிக் தாள் விரித்தார்கள். அனக்லேத்தோ என்று கூப்பிட நாக்கு வளையாததால் கிளைவ் என்றார்கள். அந்தப் பெயருக்கும் அவர் திரும்பிப் பார்த்தார்.

அந்த மூலைக்கு அடுத்த மேசை கேதீஸ்வரனுடையது. யாழ்ப்பாணத்துக்காரன், கந்தோரில் அவன் பெயர் கீத். கொழும்பில் ஒன்பது வருடம் லிகிதராக இருந்தவன். அரசாங்க வேலைக்குக் கட்டாயமான சிங்களப் பரீட்சையில் ஒவ்வொரு முறையும் தவறியதால் அவனை நிரந்தரமாக்கவில்லை. ஆகவே நிரந்தரம் என்ற சொல் அவனுக்கு வேறு ஆட்களுக்குச் சாமி பெயர் எப்படியோ அப்படி. மெல்பேணுக்கு வந்தும் அதே தவம்தான். ரயில் பாதை முடிகிற கிளென் வேவர்லியில் கடன் எடுத்து ஒரு செங்கல் வீடு வாங்கியிருந்தான். பிள்ளைகள் இரண்டு, மனைவி யோகா. நிரந்தரமானால் வீடு நிற்கும், ஆகாவிட்டால் வங்கி எடுக்கும். இதுதான் அவனுடைய முழு உலகம். அதற்குள் ஒரு பிலிப்பைன்ஸ்காரரும் அவருடைய ஈரக் காலும் எங்கே நுழைவது? இரண்டு பேரும் கறுத்த தலைமயிர்க்காரர் என்பதால் தன்னையும் அவரோடு சேர்த்துப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, மதியச் சாப்பாட்டை யன்னல் பக்கம் திரும்பியிருந்து சாப்பிட்டான். பறவைகளைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: உள்ளான் குருவி இறைச்சி பிரட்டலுக்கு நல்லது.

1975இல் மேற்குக் கரையில் இருநூறு ஏக்கர் சதுப்பு நிலம் ஒன்றை எண்ணெய்த் தாங்கி கட்டுவதற்குக் கேட்டார்கள். சட்டம் என்ன சொன்னதென்றால், பறவைகள் கூடும் சதுப்பை நிரப்பக்கூடாது. திணைக்களத்துக்கு இது ஒரு தடையே இல்லை. அங்கே கூடுகிற உள்ளான்கள் சைபீரியாவிலிருந்து வருகிறவை. செப்ரெம்பரில் வந்து, அவுஸ்திரேலியாவின் கோடை முழுக்க இருந்து சேறு கிளறித் தின்று கொழுத்து, ஏப்ரலில் திரும்பிவிடும். திணைக்களத்தின் பரிசோதனை எப்போதும் யூலை மாதத்தில்தான் நடக்கும். பதினெட்டு வருடமாக, ஒவ்வொரு யூலையிலும், ஒவ்வொரு சதுப்பிலும், பறவைகள் இல்லை என்று உண்மையாகவே எழுதி வந்தார்கள். பொய் சொல்லத் துணிவில்லாத ஆட்கள் உண்மையை வைத்துக் களவெடுத்த கதை இது. பகுதித் தலைவர் ஹாடோ இதை ஒரு திறமையாகவே நினைத்தார்.

அந்த யூலையில் லுமிபாவையும் கேதீஸ்வரனையும் அனுப்பினார்கள். குளிர் காதை அறுத்தது. சேற்றில் ஒரு குருவியும் இல்லை. லுமிபாவ் படிவத்தில் "நொவெம்பரில் வந்து பார்க்கவும்" என்று எழுதி, கையெழுத்துக் கோட்டை வெறுமையாக விட்டார். ஹாடோ அவரைக் கூப்பிட்டு, தற்காலிக ஒப்பந்தம் ஓகஸ்ட்டில் முடிகிறது என்பதை நினைவூட்டினார். "தெரியும்" என்றார் லுமிபாவ். அவ்வளவுதான் அவர் பேசியது. பிறகு ஹாடோ கீத்தைக் கூப்பிட்டுக் கதிரை கொடுத்து, நீ அங்கே ஏதாவது பறவையைக் கண்டாயா என்று கேட்டார். கேதீஸ்வரன் காணவில்லை, அது சத்தியம். "அப்ப அதைத்தானே எழுதச் சொல்கிறேன்" என்றார் ஹாடோ. நிரந்தர நியமனக் கடிதம் மேசை மேல் கிடந்தது. கேதீஸ்வரன் யோசிக்க ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. பேனை நன்றாக எழுதுகிறதா என்று மட்டும் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தான்.

லுமிபாவை ஓகஸ்ட் முதலாம் திகதி நிற்பாட்டினார்கள். பிரியாவிடை வைக்கவில்லை, பிளாஸ்ரிக் தாளை மட்டும் சுருட்டினார்கள். அவர் ஃபுட்ஸ்கிரேயில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கப் போனார். செப்ரெம்பரில் லொறிகள் மண் கொட்டத் தொடங்கின. ஒக்ரோபர் ஒன்பதாம் திகதி காலை கடைசி லொறி கொட்டி முடித்தது. அன்று பின்னேரம் நாலரை மணிக்கு, கடலிலிருந்து ஒன்பது மைலுக்கு இப்பால், கிளென் வேவர்லியில் கேதீஸ்வரனின் வீட்டுக்குள் கடல் ஏறியது.

"என்னப்பா, ஹோலுக்குள்ள தண்ணி நிக்குது" என்றாள் யோகா.

"பைப் உடைஞ்சிருக்கும்."

"பைப் தண்ணியில நண்டு வாறதே?"

குழாய்க்காரன் வந்து, கொஞ்சம் நக்கிப் பார்த்து, உப்பு என்று சொல்லி, வந்து போனதற்கான காசை வாங்கிக்கொண்டு போனான். இரவு பத்தரைக்குத் தண்ணீர் தானாகவே வற்றியது. விடிய மறுபடியும் ஏறியது. ஒரு கிழமையில் வீட்டாருக்கு நேரம் பழகிவிட்டது. பத்திரிகையில் கடலேற்ற நேரத்தை வெட்டிக் குசினிச் சுவரில் ஒட்டி, அதன்படி சமைத்தார்கள். சாப்பாட்டு மேசைக் கால்களில் சிப்பி பிடித்தது. சோபாவுக்குப் பின்னால் கண்டல் முளைத்து, கிறிஸ்மஸுக்கு முதல் யன்னல் உயரம் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு றப்பர் பூட்ஸ் போட்டுப் போய், வாசலில் கழற்றிச் சப்பாத்து மாற்றினார்கள். நொவெம்பர் நடுப்பகுதியில், மேற்குக் கரையில் இடம் இழந்த உள்ளான்கள் வந்து இறங்கின. புகைபோக்கி வழியாகவும் பின் கதவு வழியாகவும் வந்தவை நாலாயிரத்துக்குக் குறையாது. அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர் சத்தம் பற்றி முறையிட்டார்கள். குருவிகள் எப்படி வந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை, ஒன்பது மணிக்குப் பிறகாவது அவை வாயை மூடக்கூடாதா என்றுதான் கேட்டார்கள்.

கேதீஸ்வரன் செய்த முதல் காரியம் வீட்டை விற்கப் பார்த்தது. கந்தோரில் கற்ற வித்தை இருக்கிறதே. அடுத்த யூலை வரும்வரை பொறுத்திருந்து, குருவிகள் போனபின், கடல் வற்றிய மணி பார்த்து வாங்குகிறவர்களை வரச் சொன்னான். கண்டலை வெட்டி, ஆறு போத்தல் வாசனைத் திரவம் தெளித்தான். பார்க்க வந்தவர்கள் சப்பாத்தில் பிடித்த சேற்றைப் பார்த்தார்கள், நண்டு ஓடியதைப் பார்த்தார்கள், நன்றி சொல்லிப் போனார்கள். பதினொரு குடும்பம் வந்து போயிற்று. வெட்டிய கண்டல் மூன்று கிழமையில் திரும்ப நின்றது. யோகா அவனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பேசினால், "நீங்கள் அங்க என்னத்தில சைன் வைச்சனியள் எண்டு எனக்குத் தெரியும்" என்பாள். கந்தோரில் அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. ஹாடோ ஓய்வு பெற்றதும், சதுப்புப் படிவங்களில் கடைசிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் கீத்துக்குக் கிடைத்தது. காலையில் முழங்காலளவு தண்ணீரில் நின்று கழுத்தில் ரை கட்டிக்கொண்டு, நிரந்தர உத்தியோகத்துக்குப் புறப்பட்டான்.

1977இல், முறைப்பாடுகள் குவிந்து, நகரசபைக்குப் பொறுமை போனது. அந்த விலாசத்தில் இருப்பது நிலமா சதுப்பா என்று திணைக்களத்திடம் எழுதிக் கேட்டது. நிலம் என்றால் சபை தன் செலவில் பம்ப் வைத்து இறைத்து, சுவர் கட்டி, வீட்டைக் காயவைத்துத் தரும். சதுப்பு என்றால் சட்டப்படி அதைத் தொடமுடியாது. விற்கவும் முடியாது, நிரப்பவும் முடியாது, உள்ளே இருப்பவர்கள் குடியிருப்பாளர் என்ற அனுமதியோடு இருந்துகொள்ளலாம். ஃபைல் மேசை மேசையாக இனிசியல் வாங்கி வந்தது. வழக்கப்படி யூலையில் இரண்டு பேர் போய்ப் பார்த்து, பறவைகள் இல்லை, தண்ணீரும் இல்லை என்று எழுதினார்கள். கடல் வற்றிய நேரத்தில்தான் போயிருந்தார்கள். படிவம் கீத்தின் மேசைக்கு வந்தது. போடவேண்டியது ஒரு கையெழுத்து. போட்டால் வீடு மிஞ்சும். பேனையை எடுத்தவன் அதை மூடிவிட்டுப் படிவத்தைப் பைக்குள் வைத்தான். முதல் கையெழுத்துக்கு ஒரு சதுப்பு வந்தது, இதற்கு என்ன வரும்?

வெட்கம் கெட்டவன், நேரே ஃபுட்ஸ்கிரேக்குப் போனான். இரண்டு வருடத்தில் அன்றுதான் லுமிபாவைத் தேடிப் போனான். அவர் வேலை முடிந்து வந்து, வாடகை அறையின் வாசற்படியில் பிஸ்கற் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். கேதீஸ்வரன் எல்லாவற்றையும் சொன்னான், மன்னிப்பை மட்டும் கேட்க மறந்தான்.

"இன்னொரு தரம் போட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்டான்.

லுமிபாவ் மற்றக் கையையும் தட்டினார். "எனக்குத் தெரியாது" என்றார். "நான் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை."

கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது. கேதீஸ்வரன் கடைசி ரயிலுக்கு முந்தியதைப் பிடித்து வீட்டுக்கு வந்தான். தண்ணீர் கணுக்காலளவு நின்றது. யோகாவிடம் படிவத்தைக் காட்டினான். அவள் வாசிக்கவில்லை. "இனி எந்தக் கடலைக் கூட்டிக்கொண்டு வரப்போறியளோ" என்றுவிட்டுச் சோற்றை இறக்கினாள். மறுநாள் காலை அவன் பரிசோதகர்கள் எழுதியதை வெட்டி, "சதுப்பு நிலம். நொவெம்பரில் நாலாயிரம் உள்ளான். நானே பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். இதில் அவனை மெச்ச ஒன்றுமில்லை. அவன் பயந்தான், அவ்வளவுதான். சதுப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மேற்குக் கரையில் புதைத்த இருநூறு ஏக்கரும் போனது போனதுதான், மிஞ்சியது கால் ஏக்கர், அதுவும் கூரையோடு.

சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சதுப்புக்கு ஒரு காவலர் வேண்டும். விளம்பரம் போட்டார்கள். ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்தது. 1978 ஒக்ரோபரில் லுமிபாவ் மறுபடியும் அரசாங்க உத்தியோகத்தரானார், இந்தத் தடவை நிரந்தரமாக. சனிக்கிழமைகளில் பின்கதவால் வந்து, ஹோலின் நடுவில் பிரம்புக் கதிரை ஒன்றைத் தண்ணீரில் போட்டு, காலை நனைய விட்டுக் குருவிகளை எண்ணுவார். யோகா அவருக்கு வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்து கொடுத்து, "எத்தினை அண்ணை இண்டைக்கு?" என்று தமிழிலேயே கேட்பாள். அவர் விரல்களால் காட்டுவார். கேதீஸ்வரன் அறைக்கதவோரம் நின்று பார்ப்பான். எண்ணும்போது யாரும் அசையக்கூடாது என்பது விதி, அதனால் தேத்தண்ணி கேட்க அவனால் முடியாது. பதிவுப் புத்தகத்தில் கடைசிக் கட்டம் பறவைகளுக்கு இடைஞ்சல் என்பது. நாய், பூனை, துப்பாக்கிக்காரர், படகு என்று எதுவானாலும் அதில் எழுதவேண்டும். முதல் வருடத்து ஐம்பத்திரண்டு சனிக்கிழமைகளிலும் லுமிபாவ் அதில் ஒரே வசனத்தைத்தான் நல்ல எழுத்தில் எழுதியிருக்கிறார்: கதவோரம் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர், பெரிய தொந்தரவில்லை.