மேல்தண்ணீர்

கண்ணுகளா, இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் நெஞ்சு கொதிக்கிறது.

பெரியபட்டினத்துக்குத் தெற்கே, கடலோரக் குடியிருப்பு ஒன்றில் நாற்பது வீட்டுக்கும் ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. கடல் கூப்பிடு தூரம். அதனால் அடியில் உப்பு. மேலே மூன்று முழம் மட்டும் நல்ல தண்ணீர். அங்குள்ள பெண்கள் வாளியை ஆழ முக்கவே மாட்டார்கள். பனையோலைப் பட்டையால் மேலாக மோந்து எடுப்பார்கள்.

போன மாதம் அந்தக் கிணற்றில் அரசாங்கத்துக்காக ஒரு கம்பெனி சென்சார் மாட்டியது. உள்ளங்கை அகலப் பெட்டி. சிம் கார்டு வேண்டாம், கரண்ட் வேண்டாம்; ஒரு பேட்டரியில் ஐந்து வருஷம் ஓடுமாம். மணிக்கு ஒரு தடவை உப்பின் அளவை நாலைந்து எண்ணாகச் சுருக்கி, பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆன்டெனாவுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கிப்போகும். கெட்டிக்காரப் பெட்டிதான், அதன்மேல் எனக்குக் கோபமில்லை. மாட்டியவர்கள், கோடையில் தண்ணீர் இறங்கினாலும் எட்டட்டும் என்று, உப்பை அளக்கும் வயரை அடிமண்வரை இறக்கிவிட்டார்கள். தினமும் குடிக்கிறவர்களில் ஒருத்தரைக்கூடக் கேட்கவில்லை.

பெட்டி உப்பு, உப்பு என்றே சொன்னது. ஒரு காலையில் அதிகாரி சிமெண்டு மூடியோடு கிணற்றை அடைக்க வந்துவிட்டார்.

“குடிக்க லாயக்கில்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கும்மா.”

“நேத்துக்கூடக் குடிச்சோம் சார். இந்தா, ஒரு மடக்கு குடிச்சுப் பாருங்க.” மீன்காரர் வீட்டுச் சபியா பட்டையை நீட்டினாள். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“நாக்கை வெச்சு நான் ரிப்போர்ட் எழுத முடியுமா?”

“நாப்பது வீட்டு நாக்கு பொய்யி, அடியில கெடக்குற வயரு மெய்யாக்கும்?”

சபியா வீட்டுக்கு ஓடி, வலையிலிருந்து ஒரு மிதவையை அறுத்து வந்தாள். வயரைச் சரசரவென இழுத்து, முனைக்கு ஒரு முழம் மேலே மிதவையைக் கட்டிக் கிணற்றில் போட்டாள்.

“அரசாங்கச் சொத்தும்மா அது!”

“கிணறு யாரு சொத்து சார்?”

அதிகாரியோடு வந்திருந்த கம்பெனிப் பெண் சுகந்தி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். “அவங்க கட்டுனதுதான் சரி சார். இனி தண்ணி ஏறினாலும் இறங்கினாலும் மேல்தண்ணியவே அளக்கும். பன்னெண்டு மணிக்கு எண் வந்துரும்.”

“வரட்டும். அதுவரைக்கும் நான் இங்கனதான்.” சபியா அந்த மூடியின்மேலேயே உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு ராக்குவும் ஒட்டி உட்கார்ந்தாள். வெயில் ஏறியது.

பன்னிரண்டுக்கு சுகந்தியின் போனில் எண் விழுந்தது. நல்ல தண்ணீர்.

“பெட்டியே சொல்லிருச்சே, அப்பச் சரி” என்று அதிகாரி மூடியை வண்டியில் ஏற்றச் சொன்னார். காலையிலிருந்து தொண்டை கிழியச் சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை இல்லை, கண்ணுகளா.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா.”

பட்டையை எடுத்த சபியாவின் கையை ராக்கு பிடித்துக்கொண்டாள்.

“பொறு லாத்தா. ஒரு மணி ஆகட்டும். பெட்டி இன்னொருக்காச் சொல்லட்டும், அப்புறமா சார் குடிப்பாரு.”