பிடரியில் சாக்பீஸ் கோடு

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லையாம்!" என்று கணவன் சந்தோஷமாகச் சொன்னபோது, அவன் கையிலிருந்த ஸ்கேன் கவரைப் பிடுங்கி அவன் முகத்திலேயே விட்டெறியலாம் போலிருந்தது தையல்காரிக்கு. ஒண்ணுமில்லாமலா எட்டு மாதமாகப் பிடரியில் ஷாக் அடிக்கிறது? வலது பக்கம் கழுத்தில் கிளம்பி, உச்சந்தலை ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய்ச் சுளீரென்று குத்தும். தலைமுடி அசைந்தாலே உயிர் போகும்.

வைத்தியம் தெரியாத ஆளே உலகத்தில் கிடையாது போல. நாத்தனார் கண்ணாடியை மாற்றச் சொன்னாள், மாற்றினாள். தையல் கடை முதலாளி நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தாள், கழிவறைக்கு நடந்ததுதான் மிச்சம். கணவன் தலையணையாக வாங்கித் தள்ளினான். மெல்லிசு, தடிசு, நடுவில் பள்ளம் வைத்தது என்று இதுவரை ஐந்து. எதுவும் பலிக்காமல் போகவே, "எல்லாம் டென்ஷன். நீயா நெனச்சுக்கிற" என்று முடித்துவிட்டான். வலியைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம், இந்தப் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு ஆள் நம்பினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

நரம்பு டாக்டரிடம் போகிற அன்று காலை, வலி உச்சத்தில் இருக்கும்போதே, துணியில் குறி போடுகிற சாக்பீஸை எடுத்தாள். விரலால் தடவித் தடவி, வலி கிளம்புகிற இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அங்கிருந்து முடிக்குள் ஒரு கோடு. இருபது வருஷமாக உடம்பு அளந்த கை, இம்மி பிசகாது.

"என்னடி இது கோலம்? டாக்டர் சிரிக்கப் போறாங்க, அழிச்சிட்டு வா."

"சிரிக்கட்டும். நீங்க வாயை மூடிட்டு வாங்க, போதும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. குறியின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். தையல்காரி போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஐயோ, அங்கதான் டாக்டர்! அதேதான்!" கண்ணில் நீர் கொட்ட, வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

"இது பிடரி நரம்பு. வருஷக்கணக்கா குனிஞ்சே வேலை பாத்ததுல சதை இறுகி நரம்பை அமுக்குது போல. ஸ்கேன்ல தெரியணும்னு அவசியமில்ல. மரத்துப்போற ஊசி ஒண்ணு போடுறேன். வலி நின்னா இந்த நரம்புதான்னு நம்பலாம். ஆனா எத்தனை நாள் தாங்கும்னு இப்ப சொல்ல முடியாது."

ஊசி போட்ட கால்மணி நேரத்தில் வலப்பக்கம் மரத்துப்போனது. வலி இல்லை. நிஜமாகவே இல்லை.

மாடிப்படி இறங்கும்போது கணவன், "இதை அப்பவே தெளிவாச் சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

அவள் அப்படியே நின்றாள். "எட்டு மாசமா நான் வேற என்னத்தச் சொன்னேன்? சொல்லுங்க, என்னத்தச் சொன்னேன்?"

ஏறி வந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள். அவன் ஒரு விரலை நீட்டி, அவள் பிடரி வரைக்கும் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினான்.

"தொட்டா வலிக்குமா?"

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை அவளுக்கு. ஆனாலும் ஒரு படி கீழே இறங்கி, முதுகைக் காட்டி நின்று, முடியை ஒதுக்கிக் கொடுத்தாள். வலித்துவிடுமோ என்ற பயத்தில் அவன் விரல் அந்தரத்திலேயே நின்றது.