வேலிக்கும் ஓடைக்கும் நடுவே

பெரியது நாலடிக்குச் சற்றுக் கூடுதல் அகலம். சின்னது மூன்றடி. தெய்வசிகாமணி இரண்டு டிராக்டருக்கும் நடுவில் நின்றுகொண்டு, இரண்டையும் பார்க்காமல், கடைக்கு வெளியே கள்ளக்குறிச்சி பஸ்கள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு பாக்கப் போனவன்கூட இம்மாம் நேரம் யோசிக்க மாட்டாண்ணே," என்றார் விற்பனையாளர் உமர் பாரூக். "இன்னா தடங்கல்னு சொல்லுங்க, தீத்து வெச்சிடலாம்."

"தடங்கல் ஒண்ணுமில்ல."

இருந்தது. அவருடைய நிலம் சாலையை ஒட்டியது அல்ல. முன்பாதி தம்பி பிச்சைமுத்துவின் பங்கு, பின்பாதி இவருடையது. தம்பி நிலத்தின் ஓரமாக, முள்கிளுவை வேலிக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு தடம் போகும். பாகம் பிரித்தபோது ஏர்மாடு இரண்டும் சேர்ந்து நடக்கிற அகலத்துக்கு விட்டது. வேலியை அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் நட்டார்கள். கூட்டு வேலியை அந்த ஊர்ப் பக்கத்தில் ஒருவர் மட்டும் தொடுவதில்லை. தை கழிந்ததும் ஒரு காலையில் ஒருவர் உள்ளே நின்று கொக்கியால் கிளையை வளைத்துப் பிடிப்பார். மற்றவர் தடத்தில் நின்று கொடுவாளால் கழிப்பார். வெட்டிய கழியை இரண்டு குவியலாகப் போட்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வார்கள். தனியாக வெட்டினால் வேலியை நகர்த்துகிறான் என்று பேச்சு வரும்.

கிணற்றுத் தண்ணீர் முறையில் ஒரு சண்டை. அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை, வேலியும் கழிக்கப்படவில்லை. ஆண்டுக்கு ஆண்டு கிளுவை தடத்துக்குள் சாய்ந்துகொண்டே வந்தது. மாடுகளை விற்றபின் வாடகை டிராக்டர் எதுவும் உள்ளே நுழைய முடியவில்லை. மரவள்ளிக்கிழங்கைப் பிடுங்கினால் தலைச்சுமையாகத்தான் சாலைக்கு வரவேண்டும். மனைவி குஞ்சம்மாள் இருந்தவரை சுமை தூக்கிவிட ஓர் ஆள் இருந்தது.

அவள் செத்த அன்று பிச்சைமுத்து வந்தான். பந்தலுக்கு வெளியே நின்றான். வா என்று இவர் சொல்லவில்லை. பாடை கிளம்பும்வரை நின்றிருந்துவிட்டுப் போனான்.

"நெலத்துல ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க," என்றார் உமர் பாரூக். மறுநாள் பெரியதை லாரியில் ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். தடத்தின் வாயில் நுழைந்ததுமே கிளைகள் முன்மூடியைக் கீறின. கொஞ்ச தூரத்தில் ஓடைப் பக்கத்துச் சக்கரத்தின் கீழ் மண் சரிந்தது. உமர் பாரூக் நிறுத்திவிட்டு இறங்கினார்.

வேலிக்கு உள்ளே மடை மாற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தான்.

"யாருண்ணே அது? உங்க ஜாடையாவே இருக்காரு."

"தம்பி."

"கூடப் பொறந்தவரா? அப்பறம் இன்னாண்ணே கஷ்டம்! ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அர நாள்ல கழிச்சிடலாம். இந்தப் பெர்ச எடுத்தா பின்னால டிப்பர் மாட்டிக்கலாம். கெழங்க நீங்களே ஜவ்வரிசி மில்லுக்கு ஏத்திக்கினு போலாம்."

வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். தம்பி அசையவில்லை. கேட்டால் சரி என்று சொல்ல நிற்கிறானா, கேட்டால் திட்ட நிற்கிறானா என்று தெய்வசிகாமணிக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் அந்த முகத்தைப் பார்த்தே பசி சொல்லுவார்.

"சின்னது இதுல பூந்து போயிடுமில்ல?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"போவும். ஆனா மூட்ட இழுக்கறதுக்கு அது சரிப்படாதுண்ணே."

"அதுவே போதும். யாரையும் கேக்க வேணாம்."

கடைசி வார்த்தைகளைத் தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டார். உமர் பாரூக் ஏறி உட்கார்ந்தார். வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கல்வராயன் மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்தார். சின்னது வந்துவிட்டால் உழவுக்கு ஆள் தேடவேண்டாம். தடத்தைப் பற்றி யாரிடமும் பேசவேண்டாம். அப்படி நினைத்ததும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு, எதற்கெல்லாம் யாரிடம் பேசவேண்டியிருக்கும் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். சீக்கிரமே யோசிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. சோற்றில் தண்ணீரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

வண்டி எடுக்கிற நாளில் முதல் பஸ்ஸிலேயே போனார். மாலையிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, மெதுவாகத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பஸ்கள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. பொழுது சாய்கிற நேரத்தில் சாலையிலிருந்து திரும்பியவர் பிரேக்கை மிதித்தார். வழி மாறி வேறு யார் நிலத்துக்கோ வந்துவிட்டது போலிருந்தது.

தடத்துக்கு மேல் வானம் தெரிந்தது. வேலி முழுவதும் மார்பளவுக்குக் கழிக்கப்பட்டிருந்தது. வெட்டுவாயில் பிசின் ஈரம் இன்னும் காயவில்லை. வேலிக்கு உள்ளே ஒரு கழிக்குவியல் கிடந்தது. தடத்தின் ஓரத்தில், ஓடையைப் பார்த்தபடி, அதே அளவில் இன்னொரு கட்டு. நார் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அவருடைய பங்கு.

பிச்சைமுத்து வேலியோரம் நின்றிருந்தான். கிளையைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் கழித்ததில் இரண்டு கைகளிலும் முள் கீறியிருந்தது. அவன் அண்ணனைப் பார்க்கவில்லை. டிராக்டரைப் பார்த்தான். சக்கரத்துக்குச் சக்கரம் கண்ணாலேயே அளந்தான்.

"பெர்சு வாங்கலியா?"

"இல்ல."

"அன்னிக்கி அது நொழையலியேன்னு பாத்தேன்." நிறுத்திக்கொண்டான். "இது வேலி அப்பிடியே இருக்கசொல்லவே பூந்து போயிருக்கும்."

"போயிருக்கும்."

பிச்சைமுத்து கொடுவாளை எடுத்துக்கொண்டு, வரப்பில் நடந்து மோட்டார் கொட்டகைக்குப் போனான்.

தெய்வசிகாமணி தடத்தின் நடுவில் வண்டியை ஓட்டினார். ஒரு பக்கமும் உரசவில்லை. இரண்டு பக்கமும் இடம் கிடந்தது, இன்னும் பெரிய வண்டிக்கு. நிலத்துக்குள் நிறுத்தி, மாலையைக் கழற்றி அதன்மேலேயே வைத்துவிட்டு, கழிக்கட்டை எடுக்கத் திரும்பி நடந்து வந்தார்.

பச்சைக் கழி. குனிந்து ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். முழங்கால்வரைதான் வந்தது. ஏற்றிப் போக டிப்பரும் இல்லை. துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார். வைத்தபிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கட்டின் பக்கத்திலேயே நின்றார். கொட்டகையில் பல்ப் எரிந்தது. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அவனுக்குக் கேட்குமோ கேட்காதோ.

தொண்டையைச் செருமினார்.

"பிச்சமுத்து," என்று கூப்பிட்டார். போதவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். "பிச்சமுத்து, கொஞ்சம் வந்து தூக்கி வுட்டுட்டுப் போடா."

சும்மாடு நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மோட்டார் நின்றது.