முதலில் ஓடி வந்தவர்கள்

மாதேஸ்வரி ஆக்சிஜன் மாஸ்க்கை இழுத்துவிட்டுப் பேச முயன்றாள். சுசித்ரா அவள் கையை விலக்கி மாஸ்க்கை மறுபடி பொருத்தினாள்.

"பேசாதம்மா. மூச்சு வாங்குது பாரு."

"பேசாம இருந்தா மட்டும் வாங்கலியா?" மாஸ்க்குக்குள்ளேயே சிரித்தாள் அம்மா.

ஓசூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவள். சாதாரணச் சளிதானே என்று காய்ச்சலோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கிருமி இரண்டு நுரையீரலிலும் இறங்கிவிட்டது, மருந்து பிடிக்கவில்லை என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டார்.

பெங்களூரில் சுசித்ரா எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்வதும் நுரையீரலைத்தான், அதில் கிருமியை எதிர்க்கும் ஒருவகை உயிரணுவை. யார் கேட்டாலும், "எம்பொண்ணு எலிக்கு வைத்தியம் பாக்குறா" என்பாள் அம்மா.

"நீ பாக்குறியே ஒரு செல்லு, அது எனக்குள்ளயும் இருக்குதா?"

"எல்லாருக்கும் இருக்கும்மா."

"என்னா பண்ணும்?"

"மத்த செல்லுங்க கிருமிய அடையாளம் பாத்து, ஆள் சேத்துகினு வர்றதுக்கு நாளாகும். இதுங்க வேற மாதிரி. கிருமியோட வாடை பட்டாலே எறங்கிடும், மத்ததுங்களையும் கூப்புடும். ஆனா ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும்."

அம்மா கண்ணை மூடி யோசித்தாள்.

"எங்க கம்பெனில தீ புடிச்சப்ப, ஃபயர் வண்டி வர்றதுக்குள்ள நாங்க கேன்டீன்காரிங்க மணல் பக்கெட்ட தூக்கிகினு ஓடினோமே, அது மாதிரி."

"அதே மாதிரிதான்மா."

"அப்ப வந்திருக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஒன்னும் பண்ணலன்னு அதுங்கள திட்டிகினு உக்காராத. பாவம், கொஞ்ச பேருதான."

சுசித்ரா அம்மாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"பொய்யி."

அதன்பிறகு அம்மா பேசவில்லை. மத்தியானம், அப்பா தீர்த்தகிரி ஒரு பக்கமும் சுசித்ரா ஒரு பக்கமுமாக நிற்கையில் மூச்சு அடங்கியது.

உடலை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது பாகலூர் ரோட்டில் லாரி நெரிசல். அப்பா டிரைவரிடம் கன்னடத்தில் மெதுவாகவே போகச் சொன்னார். ஆம்புலன்ஸ் ஜன்னல் வழியாக வெயில் அம்மாவின் முகத்தில் நேராக விழுந்தது. அப்பா உள்ளங்கையை விரித்துக் குறுக்கே பிடித்தார். வண்டி திரும்பும்போதெல்லாம் வெயில் நகர்ந்தது. கையும் கூடவே நகர்ந்தது.

அந்தக் கை சோர்ந்து தாழத் தொடங்கியபோது, சுசித்ரா இந்தப் பக்கத்திலிருந்து தன் கையை வெயிலுக்குக் குறுக்கே நீட்டினாள்.