கண் மூடிய பேய்கள்

வினிகரும் சோடா மாவும் சேர்ந்து இப்படியொரு வேலை செய்யும் என்று மார்லிஸ் நம்பவே இல்லை. முட்டை இல்லாமல் கேக்காம்! அதற்குப் பெயரே கிறுக்கு கேக். ஆனால் அடுப்பின் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால், இருபத்து நான்கு காகிதக் கிண்ணங்களிலும் கறுப்பு மாவு மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. தரையில் மண்டியிட்டு வாயைப் பிளந்தபடி பார்த்தாள். நாற்பத்தோரு வயதில் இதென்ன கோலம் என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

முட்டை வேண்டாம் என்றது கோராவுக்காக. கணவன் லைலின் மகள், எட்டு வயது. ஐந்து வயதில் யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாளில் ஒரே ஒரு வாய் கேக் தின்று, முட்டை ஒத்துக்கொள்ளாமல் தொண்டை வீங்கி, ஆம்புலன்ஸில் போய் உயிர் தப்பியவள். அன்றிலிருந்து அப்பா சமைத்ததையும், உறையில் இருக்கும் எழுத்தைத் தானே படித்துப் பார்த்ததையும் தவிர எதையும் தொடமாட்டாள். பெற்ற தாய் போய்விட்ட அந்த வீட்டுக்கு மார்லிஸ் வந்து பதினான்கு மாதம். இவள் கையால் ஒரு கரண்டி சூப் குடித்திருப்பாளா? கிடையாது. "வேண்டாம் மார்லிஸ், தேங்க்ஸ்" என்பாள், அவ்வளவு மரியாதையாக. அந்த மரியாதைதான் மார்லிஸை அறுத்தது.

பேயும் பூதமுமாக வேடம் போடும் ஹாலோவீன் அன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கேக் மேசையை மொய்க்கும்போது, கோரா மூலையில் தன் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருப்பாள். போன வருடம் அதைப் பார்த்த மார்லிஸ் இந்த வருடம் விடவில்லை. "பிள்ளைங்க மேசை கேக் முழுக்க என் பொறுப்பு. வேற யாரும் ஒண்ணும் கொண்டுவரக்கூடாது, சொல்லிட்டேன்" என்று எல்லாப் பெண்களையும் அடக்கிவிட்டாள்.

கேக்குகள் ஆறியதும் வெண்ணெய்க் கிரீமை ஒவ்வொன்றின் மேலும் சுற்றிச் சுற்றி உச்சியில் கூராக்கினாள். வெள்ளைப் பேய்கள். ஒவ்வொரு பேய்க்கும் கடைப் புட்டியிலிருந்து இரண்டு சர்க்கரைக் கண்கள். கோரா வாசலில் வந்து நின்றாள்.

"இருபத்து நாலும் நான் சாப்பிடலாமா?"

"இருபத்து நாலும். வயிறு தாங்குச்சுன்னா."

மார்லிஸ் சமைக்கும் மேசை வரைக்கும் கோரா வந்தாள். பதினான்கு மாதத்தில் முதல் தடவை. அந்தப் பேய்ப் படையைப் பார்த்து மூச்சு விடவும் மறந்து நின்றாள். பிறகு வௌவால் உடை போட்டுக்கொள்ள மாடிக்கு ஓடினாள்.

மார்லிஸ் காலிப் புட்டியைக் குப்பையில் போடப் போனவள், எதற்கோ அதைத் திருப்பிப் பார்த்தாள். பொடி எழுத்தில், மூன்றாவது வரியில்: உலர்ந்த முட்டை வெள்ளைக்கரு.

ஐயோ! மாவைப் படித்தாள், கொக்கோவைப் படித்தாள், எண்ணெயைக் கூடப் படித்தாள். பாழாய்ப்போன கண்ணைப் படிக்கவில்லை! சத்தமில்லாமல் குப்பையில் கொட்டிவிட்டு, தவறிக் கீழே விழுந்தது என்று சொல்லியிருக்கலாம். மாடிப்படி ஏறினாள்.

"கோரா, நான் பெரிய தப்பு பண்ணிட்டேன். அந்தக் கண்ணுல முட்டை இருக்கு. நான் படிக்கல."

கோரா தன் அவசர ஊசி மருந்துப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள். "கண்ணை மட்டும் எடுத்துட்டா?"

"கிரீம்ல ஒட்டியிருக்குமே. எல்லாத்தையும் கொட்டப் போறேன்."

"சரி. நான் என் டப்பாவை எடுத்துக்கறேன்." அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

கீழே லைல், "இருக்கறதை வச்சு சமாளியேன். அவளுக்குத்தான் டப்பா இருக்கே" என்றான்.

"இன்னொரு தடவை டப்பான்னு வாயத் திறந்தே, இந்தக் கரண்டி உன் தலையிலதான். ஓடு, வினிகர் வாங்கிட்டு வா!"

மேசையைத் தேய்த்துக் கழுவினாள், பாத்திரங்களைக் கொதிநீரில் போட்டாள், முதலிலிருந்து தொடங்கினாள். மாவு மறுபடியும் எழும்பியபோது அவளுக்கு மறுபடியும் மயிர்க்கூச்செறிந்தது. பயன்படுத்திய எல்லா உறைகளையும் எழுத்து தெரியும்படி மேசை ஓரத்தில் வரிசையாக நிறுத்தினாள், கோரா படிக்கட்டும் என்று.

வௌவால் இறங்கி வந்தது. கண்ணில்லாத பேய்களைப் பார்த்தது. உறைகளைப் பார்த்தது. ஒரு பல்குச்சியை எடுத்து முதல் பேயின் முகத்தில் இரண்டு வளைகோடு கீறியது. மூடிய கண்கள். ஒவ்வொன்றாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, இருபத்து நான்குக்கும் கீறி முடித்தது.

தேவாலயத்தில் ஒரு கடற்கொள்ளைக்காரன் கேக்கை உற்றுப் பார்த்தான். "ஏன் எல்லாப் பேயும் தூங்குது?"

"தூங்கல. உன் மூஞ்சியப் பாத்துப் பயந்து கண்ணை மூடிக்கிச்சு" என்றாள் கோரா.

மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் இடித்துத் தள்ளினார்கள். நடுவில் வௌவால் இறக்கையும் இடிபட்டது. மார்லிஸ் ஒரு கேக்கை எடுத்து நீட்டினாள்.

"உறையெல்லாம் பையில இருக்கு. படிச்சுட்டுச் சாப்பிடறியா?"

கோரா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "தப்புன்னு தெரிஞ்சதும் நீங்களே மேல வந்து சொன்னீங்களே," என்று கேக்கை வாங்கி, பேயின் தலையைக் கடித்தாள்.

மூக்கெல்லாம் கிரீம். மார்லிஸ் அசையாமல் நின்று அவள் மெல்லுவதையும் விழுங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை வழியாக அந்த ஒரு வாய் இறங்குவது கூடத் தெரிந்தது.

"இன்னொண்ணு தாங்க," என்றாள் கோரா.