சங்கிலி சரிபார்க்கப்பட்டது

விடிய ஐந்தரைக்கே செங்கலடிக் கராஜில் சம்மட்டி விழத் தொடங்கிவிடும். பழைய பஸ்களைக் கழற்றிப் புதிதாகக் கட்டி ஒரு பஸ் கொம்பனிக்குக் கொடுக்கும் ஒப்பந்தம். பன்னிரண்டு பஸ், தொண்ணூறு நாள். துரு கண்ணில் உதிர, வெல்டிங் புகை தொண்டையை அறுக்க, இருபத்திமூன்று பேர் இரும்போடு மல்லுக்கட்டினார்கள்.

வேலைத்திட்டமும் இடர் தணிப்புத் திட்டமும் கம்சாயினியின் பொறுப்பு. எது எப்போது பிசகும், அதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். என்ஜின் தூக்கும் சங்கிலியில் ஒரு வளையம் தேய்ந்திருப்பதைக் காட்டியவர் மெக்கானிக் மெல்றோய்.

“இது தாங்காது புள்ள. எழுதி வை.”

எழுதினாள். புதுச் சங்கிலி கொழும்பிலிருந்து வர ஆறு நாளாகும் என்றார்கள். முதலாளி நல்லரத்தினம் பொறுக்கவில்லை.

“ஆறு நாள் என்ஜின் ஏத்தாம இருக்கேலுமா? நாளைக்குக் கொம்பனி ஆக்கள் பார்க்க வாறாங்க. சரிபார்த்தாச்செண்டு போடு. புதுசு வந்த மறுகா மாத்துவம்.”

அவள் போட்டாள். கையெழுத்தும் வைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணி. சங்கிலி முழுக்கப் புதுக் கிறீஸ் அப்பியிருந்தது; தேய்ந்த வளையம் எதுவென்று தெரியவில்லை. மெல்றோய் சுவரிலிருந்த தாளைப் பார்த்தார்.

“வளையத்த மாத்திட்டாங்களா புள்ள?”

கொம்பனி ஆட்கள் பக்கத்தில் நின்றார்கள். முதலாளியும் நின்றார். கம்சாயினி தலையாட்டினாள்.

மெல்றோய் தொங்கிய என்ஜினுக்குக் கீழே குனிந்தார். வளையம் அறுந்த சத்தம் பெரிதாகக்கூடக் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் முதலாளி ஓர் அறிக்கையை அவள்முன் வைத்தார். மெல்றோய் விதியை மீறிக் கீழே போனாராம்.

“திட்டத்தில எல்லாம் சரியெண்டுதானே கிடக்கு. இதில கையெழுத்து வை. நீயும் தப்புவாய்.”

அவள் தாளை எடுத்துக்கொண்டு வேலைத்தளத்துக்கு நடந்தாள். மெல்றோயின் உடுப்புகளை வாங்கிப் போக அவர் மனைவி ஜீன் வந்திருந்தாள். வேலையாட்கள் அவளைச் சுற்றி நின்றார்கள்.

“சங்கிலிய மாத்தேல்ல. எனக்குத் தெரியும். மெல்றோய் அண்ணன் கேட்க, மாத்தியாச்செண்டு நான் தலையாட்டினன்.”

ஜீன் உடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“அந்தப் புள்ள எல்லாத்தையும் எழுதி வைக்கும், பயமில்லெண்டு சொன்னாரே…”

கம்சாயினி அப்படியே தரையில் குந்திவிட்டாள். வெல்டர் இர்ஷாத் முகமூடியைக் கழற்றினான். அவன் கண் கோபத்தில் சிவந்திருந்தது.

“தொழில் திணைக்கள விசாரணையில இதச் சொல்லுவியா?”

“சொல்லுவன். வழக்கு என்ட தலையில விழுந்தாலும் சொல்லுவன்.”

“அப்ப தனியப் போகாத. நாங்களும் வாறம்.”

முதலாளி ஓடிவந்தார். “எட்டாவது பஸ் அப்பிடியே நிக்குது! இண்டைக்கு ஏத்தாட்டி ஒப்பந்தம் போயிரும். உங்கட வயித்திலதான் அடி!”

“ஏத்துவம் முதலாளி,” என்றான் இர்ஷாத். “பழைய சங்கிலியிலயே தூக்குறம். நீங்க கீழ நில்லுங்க.”

முதலாளி ஓரடி பின்வாங்கினார். “வேலைக்கு ஆளா இல்ல? நாளைக்கே வேற ஆக்களப் போடுவன்.”

இருபத்திரண்டு பேரும் சுத்தியலையும் ஸ்பானரையும் மேசையில் வைத்தார்கள்.

மட்டக்களப்புத் தொழில் திணைக்களத்தில் என்ன பதில் கிடைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. நாளை கராஜ் கேற் திறக்குமா என்றும் தெரியாது. சந்தியில் மட்டக்களப்பு பஸ் வந்ததும் எல்லாரும் நெருக்கியடித்து ஏறினார்கள். கம்சாயினி கடைசியாக ஏறி, எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றாள். ஜீன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தன் பக்கத்து இருக்கையில் கிடந்த உடுப்புப் பையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.